‘கடைசி டிராம்’ குழுவின் ஒலி வளர்ச்சி

மெல்பர்ன் நகரத்தின் பிரஸ்டன் பகுதியில், கார் நிற்காத ஒரு கார் ஷெட்டில், ‘கடைசி டிராம்’ என்ற இசைக்குழு முறைப்படி உதயமானது. இமோஜன் பாடினாள். ஃபெர்கஸ் டிரம்ஸ் அடித்தான். டாம்சின் பேஸ் கிட்டார் வாசித்தாள். மூலையில் பியர் ஃபிரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அணைத்தால் பியர் சூடாகிவிடுமே, யாருக்கு மனசு வரும்? முதல் ஆல்பத்தில் அந்த உறுமலும் சேர்ந்தே பதிவானது. ஊரே கொண்டாடியது.

இரண்டாவது ஆல்பமும் அதேபோல நன்றாக இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாநில இசை வளர்ச்சி அலுவலகத்திலிருந்து லின்டன் ப்ரூவெட் வந்து சேர்ந்தார். அலுவலகம் கைகொடுத்தால்தான் நாடு சுற்றி வாசிக்க முடியும்.

“சார் எல்லாம் வேணாம், லின்டன் போதும். உங்க சவுண்ட் வளரவே இல்லியே?”

“ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே,” என்றாள் டாம்சின்.

“அதான் பிரச்சினையே! பிடிச்சதையே திரும்பத் திரும்பக் குடுத்தா அது வளர்ச்சியா? ஏதாவது ஒண்ணைத் தூக்கணும்.”

ஃபெர்கஸைத் தூக்கினார்கள். மேற்படி நீக்கத்தைப் பத்திரிகைகள் ‘முதிர்ச்சி’ என்று வரவேற்றன. ஃபெர்கஸ் பிளம்பரானான், ஆளும் கொஞ்சம் சதை போட்டான். அடுத்த ஆல்பத்தில் இமோஜன் பாட்டில் இருந்த சொற்களைத் தூக்கிவிட்டு வெறுமனே முனகினாள். அரங்கில் அழாதவர்கள் இல்லை.

தூக்குவதற்கு இனி டாம்சின்தான் பாக்கி. பேஸைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

“என்னைக் கழட்டி விட்டுடாதடி, இம்மி.”

“லூசு! உன்னைப் போய் விடுவேனா?”

அடுத்த முறை லின்டன் ஷெட்டுக்கு வந்தபோது டாம்சின் உயிரைக் கொடுத்து வாசித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆகா! என்ன நிதானம்! துளி அலட்டல் இல்ல!”

“தேங்க்ஸ், லின்டன்.”

“உன்னைச் சொல்லலம்மா. நீ கொஞ்சம் நிறுத்தினா அதை நல்லாக் கேக்கலாம்.” அவர் கை ஃபிரிட்ஜைக் காட்டியது.

டாம்சின் இமோஜனைப் பார்த்தாள். இமோஜன் ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

நகர மண்டபக் கச்சேரியில் நிற்க இடமில்லை. மேடை நடுவே, அரசு செலவில் பழுதுபார்த்து வெள்ளையடித்த ஃபிரிட்ஜ் உறுமியது. ஓரத்தில் இமோஜன் முனகினாள். குழுவிலிருந்து தூக்கப்பட்ட டாம்சின், கத்திக் கலாட்டா பண்ணுவதற்கென்றே கூட்டத்தோடு வந்திருந்தாள். பக்கத்தில் ஃபெர்கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள்.

“சே! ஷெட்ல இருந்தப்ப இந்த ஃபிரிட்ஜ் இன்னும் உண்மையா உறுமுச்சு!”

சுற்றியிருந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த லின்டன் திரும்பினார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“என்ன காதும்மா உனக்கு! எங்க ஆபீஸுக்கு வந்துடேன்.”

திங்கட்கிழமை அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்க, டாம்சின் ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

“இன்னும் முனகிக்கிட்டே இருக்கியே, இம்மி? ஏதாவது ஒண்ணைத் தூக்கணும்.”

“எதைடி?”

“ஃபிரிட்ஜ் இருக்கட்டும்.”