காதைப் பொத்துங்க

"கதையோட கடைசிய முதல்லயே சொல்றவங்கள எல்லாம் பிடிச்சு..." என்று என் மாமனார் ஆரம்பிப்பார். பிடித்து என்ன செய்ய வேண்டும் என்றார் என்பது மறந்துவிட்டது. கட்டிப்போட வேண்டும் என்றாரா, கட்டிவைக்க வேண்டும் என்றாரா? எப்படியோ, அப்படி ஒருத்தியை எனக்குக் கட்டிவைத்தார்.

பல வருடம் வெளிநாட்டில் குப்பை கொட்டிவிட்டு நான் வீடு திரும்பியது ஒரே ஒரு ஆசையோடு. பின்னறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி. மத்தியான வெயில் தரையில் மெல்ல ஊர்ந்து வந்து, பூனை மாதிரி என் காலடியில் படுத்துக்கொள்ளும். மடியில் போனை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு கொலைத் தொடர் பார்ப்பேன். பாதி தொடர், பாதி தூக்கம். கொலைகாரன் யாரென்று தெரியாமல் கண் செருகிக் கிடப்பதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை.

என் மனைவி ஹாலில் தையல் வகுப்பு நடத்துகிறாள். எந்தத் தொடரையும் கடைசிப் பகுதியிலிருந்துதான் பார்ப்பாள். "யாருன்னு தெரிஞ்சுட்டா நிம்மதியா தைக்கலாம்ல?" பார்த்ததை மனதோடு வைத்துக்கொள்ளவும் தெரியாது. போன தொடரில், காபியை நீட்டிக்கொண்டே, "விஷம் வச்சது அந்த டாக்டரம்மாதாங்க. சக்கரை போதுமா?" என்றாள்.

அன்றே எழுந்து நின்று அறிவித்தேன்.

"இனிமே இந்த வீட்ல ஒரு சட்டம். இங்கிலீஷ்ல ஸ்பாய்லர் வார்னிங்னு பேரு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"எதையும் போட்டு உடைக்கறதுக்கு முன்னாடி 'காதைப் பொத்துங்க'ன்னு சொல்லணும். நான் பொத்திக்குவேன். உனக்கும் சொன்ன மாதிரி ஆச்சு, எனக்கும் கேக்காத மாதிரி ஆச்சு."

"நீங்க சரியாப் பொத்தியிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தலையாட்டறேன்."

"ரொம்ப நல்ல சட்டம்ங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் யோசனை ஒன்றை அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றது அதுதான் முதல் தடவை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க "ஏங்க, காதைப் பொத்துங்க!"தான். பொத்துவேன். உள்ளே கடல் இரையும். கண்ணாடித் தொட்டி மீன் போல அவள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். சில சமயம் கைகளை அகல விரித்து எதையோ அளந்து காட்டுவாள். கொலை நடந்த அறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் எதிர்வீட்டுப் பல் டாக்டரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள். அவர் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். நான் இன்னும் பலமாகத் தலையாட்டினேன். அலைகள் வந்து வந்து போயின.

சனிக்கிழமை முடிவெட்டிக்கொண்டு, குளித்து, சாப்பிட்டு, பின்னறைக்குப் போனேன். வெயில் வந்திருந்தது. நாற்காலியைக் காணோம். வரிசையாகத் தையல் மிஷின்கள். ஊசி முனைகளில் வெயில் துளித்துளியாக நின்றது.

"என்னம்மா இது?"

"ஹால் பத்தலைன்னு சொன்னேனே. ஊசி கோக்க இங்கதான் வெளிச்சம். நீங்களும் சரின்னீங்க."

"நானா? எப்போ?"

"தினமும் தலையாட்டினீங்களே! டாக்டர் சாரே சாட்சி. 'சாருக்கு எவ்ளோ பெரிய மனசு'ன்னு சொல்லி, அவர் பொண்ணையும் சேத்துவிட்டுட்டுப் போனாரு."

"காதைப் பொத்துங்கன்னியே! நான் தொடரைப் பத்தின்னுல்ல நெனச்சேன்?"

"எதைப் பத்தின்னு நீங்க கேக்கவே இல்லையே."

"அப்போ கொலைகாரன் யாருன்னு ஒருநாளும் நீ சொல்லலையா?"

"சேச்சே. தோட்டக்காரன்தாங்க."

"எச்சரிக்கை பண்ணலையே!"

"வாரம் பூராப் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சுங்க."

தொடர் போனது போகட்டும். "என் நாற்காலி?"

"மாடிப்படிக்கு அடியில. வெளிச்சமே வராது. நல்லாத் தூங்கலாம்."

"இனி இந்த ரூம்ல நான் உக்காரவே முடியாதா?"

"யார் சொன்னா? கிளாஸ்ல சேந்தவங்க யாரும் தாராளமா உக்காரலாம்."

ஜன்னலோரத்து மிஷினில் மட்டும் இன்னும் யாரும் உட்காரவில்லை. அதன் காலடியில் வெயில் சுருண்டு படுத்திருந்தது.

திங்கட்கிழமை நான் தையல் வகுப்பில் சேர்ந்தேன்.