பூட்ஸ் அண்ணையின் இரண்டு தேசங்கள்

உலகத்தில் கூடுகிற சனக்கூட்டங்கள் எல்லாம் இரண்டே இரண்டு வகை என்று கண்டுபிடித்தவர் எங்கள் பூட்ஸ் அண்ணை. ஒன்று பிரித்தானியா, மற்றது அமெரிக்கா. மூன்றாவது வகை கிடையாது. இத்தாலியின் பலெர்மோவில் தார் உருகுகிற ஓகஸ்ட் வெயிலிலும் முழங்கால் வரைக்கும் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு திரிந்த ஒரே மனிதரும் அவர்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருமுறை கேட்டேன். அதைச் சொல்ல அவருக்கே கொஞ்சம் நேரம் எடுத்தது.

முதலில் அவரைக் கண்டது குவெஸ்தூராவில். எங்கள் பெர்மெசோவும் இத்தாலியர்களுடைய கடவுச்சீட்டும் ஒரே பொலிஸ் அலுவலகத்தில்தான். நான் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றேன். தள்ளுவண்டிலில் மகள் ஜூலியா. பின்னால் ஒரு குரல்.

“பிள்ளை, இது சுத்தப் பிரித்தானியா.”

திரும்பினால் பூட்ஸ். அதற்கு மேலேதான் மனிதர்.

“விளங்கேல்லை அண்ணை.”

“எல்லாரும் வரிசையிலை நிக்கினம். வரிசை எங்கை போகுது எண்டு ஆருக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தரும் விட்டிட்டுப் போகமாட்டினம். மழை பெய்தாலும் நிப்பினம். பிரித்தானியா.”

தலையாட்டினேன். விளங்கவில்லை. அவர் குனிந்து, “தங்கச்சி, உங்கடை பேரென்ன?” என்று ஜூலியாவைக் கேட்டார். அப்போதெல்லாம் நான் மிகவும் பயந்த கேள்வி அது.

ஜூலியாவுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள். மற்றபடி ஒரு நீதிபதியைப் போல எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். செப்டெம்பர் வரைக்கும் பொறுப்போம், அதற்குள் ஒரு சொல்லாவது வராவிட்டால் பரிசோதனைகளுக்கு அனுப்பவேண்டும் என்று பிள்ளை வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டில் இத்தாலியன் மட்டும் கதையுங்கள் என்றார் பாலர் பள்ளி ஆசிரியை. தமிழைத் தவிர வேறொன்றும் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்றார் மன்னாரிலிருந்து மாமி. மொண்டெல்லோ உணவகத்துச் சமையலறையில் மல்லுக்கட்டிவிட்டு வருகிற கணவர், “அவள் கதைக்கேக்கை கதைப்பாள்” என்றுவிட்டுப் படுத்துவிடுவார். நான் காலையில் இத்தாலியன், மாலையில் தமிழ் என்று வைத்துப் பார்த்தேன். பிறகு மாற்றி வைத்துப் பார்த்தேன். பிறகு மாற்றியதே பிழையோ என்று பயந்தேன். கடைசியில் எந்த மொழியில் தொடங்குவது என்று யோசித்து யோசித்து, வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

“அவ இன்னும் கதைக்கேல்லை அண்ணை” என்றேன்.

“அதாலை என்ன, நான் கதைக்கிறன்தானே” என்றார் பூட்ஸ் அண்ணை. அப்படியே கதைத்தார், ஒன்றரை மணித்தியாலம். பலெர்மோவில் எனக்குப் புத்தி சொல்லாத முதல் தமிழர் அவர்தான். ஜூலியா வண்டிலிலிருந்து எட்டி, அந்தப் பூட்ஸை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவருடைய தத்துவம் எங்கிருந்து வந்தது என்பது மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. அண்ணன் ஒருவர் பிரித்தானியாவில் இருந்தார். அவருடைய தயவில் இரண்டு கோடைகள் அங்கே போய், வயல்வெளியில் நடக்கிற பெரிய இசைவிழாக்களில் குப்பை பொறுக்கியிருக்கிறார். பிறகொரு கோடையில், அமெரிக்காவில் இருந்த மச்சான் கொத்துரொட்டி விற்கிற வான் வண்டி ஒன்றை இசைவிழா மைதானத்தில் போட, இவர் போய் அதற்குள் நின்று வெங்காயம் வெட்டியிருக்கிறார். பாட்டுகள் எப்படி என்று கேட்டேன்.

“பாட்டு ரெண்டு நாட்டிலையும் ஒண்டுதான் பிள்ளை. தூரத்திலை டும் டும் எண்டு கேக்கும்.”

“அப்ப என்னதான் வித்தியாசம்?”

“அதைக் கேளும்!”

கேட்டது என் பிழை. வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு என்பதால், பொலிதேயாமாச் சதுக்கத்தில் எங்கள் ஆட்கள் கூடுவார்கள். அங்கே நின்றுகொண்டு பூட்ஸ் அண்ணை விரித்துச் சொன்னார்.

“பிரித்தானியாக்காரன்ரை பாட்டுத் திருவிழா எங்கடை மடு மாதா கோயில் திருவிழா மாதிரி. கூடாரம், பாய், சட்டி பானை எல்லாத்தோடையும் போவான். சேத்துக்குள்ளை படுப்பான். தண்ணிக்குழாயடியிலை வரிசையிலை நிண்டு சண்டை பிடிப்பான். எவ்வளவு கஷ்டப்பட்டானோ அவ்வளவு புண்ணியம் எண்டு நினைப்பான். அமெரிக்காக்காரன்ரை நல்லூர் மாதிரி.”

பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா யாழ்ப்பாணம். சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற இத்தாலிய வீட்டுக்காரம்மா ஒருவரிடம் சமையல் வேலை. நல்லூர்க் கந்தனுக்கு வருடம் தவறாமல் விரதம் இருப்பவர். கடலை வாயிலேயே நின்றுவிட்டது.

“நல்லூரை ஏன் காணும் அமெரிக்கா எண்டுறீர்?”

“பொறுங்கோ அக்கா. திறமான உடுப்பு, நகை நட்டுப் போட்டுக்கொண்டு வருவினம். வெயிலுக்கை, புழுதிக்கை நிண்டு படம் எடுப்பினம். ஆர் வந்தவை எண்டு பாப்பினம். ஐஸ்கிறீம் குடிப்பினம். பிறகு போய் மெத்தையிலை படுப்பினம். இது நல்லூரோ இல்லையோ?”

செல்வி அக்கா கடலையை விழுங்கினார். “ஐஸ்கிறீம் குடிக்கிறது உண்மைதான்” என்றார்.

“கழிவறை?” என்று நான் கேட்டேன். எனக்கு எப்போதும் அதுதான் கவலை.

“அதிலை ரெண்டு நாடும் சகோதரம்.”

இன்னொரு வித்தியாசமும் சொன்னார். மழை வந்தால் பிரித்தானியாவில் ஒருவரும் அசையமாட்டார்களாம். அமெரிக்காவில் மின்னல் என்று கைபேசி சொன்னாலே ஒலிபெருக்கியில் அறிவித்து, எல்லாரையும் காருக்குள் ஏற்றிவிடுவார்களாம். இதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு பலெர்மோவே எனக்குக் குழம்பிப்போனது. மொண்டெல்லோக் கடற்கரையில், வாடகைக் குடையும் சாய்கதிரையும் போட்ட பக்கம் அமெரிக்கா, சும்மா மணலில் சாப்பாட்டுப் பெட்டியோடு நாள் முழுக்கக் கிடக்கிற பக்கம் பிரித்தானியா. இடையில் கட்டிய கயிற்றுக்கு அங்காலை ஒரு தேசம், இஞ்சாலை ஒரு தேசம். ஒரு கலியாண வீட்டில் முன்வரிசைக்கு ரிபன் கட்டியதைக் கண்டு “அமெரிக்கா” என்றார். சாப்பாட்டு வரிசையைக் கண்டதும் “பிரித்தானியா” என்றார். “ஒரே கலியாணம் எப்படி அண்ணை ரெண்டாகும்?” என்றேன். “மாப்பிள்ளை பகுதி, பொம்பிளை பகுதி எண்டு ரெண்டு இருக்குத்தானே” என்றார்.

பூட்ஸ் ஏன் என்பதும் அப்படித்தான். எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமிக்குச் சொன்ன காரணம் பாம்பு. செல்வி அக்காவுக்குச் சொன்னது நேர்த்திக்கடன். எனக்குச் சொன்னது சேறு. பலெர்மோவில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரைக்கும் சேறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, சைவம், கத்தோலிக்கம் என்று பாராமல் எங்கள் பங்குப் பகுதித் தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து கோடை இசை மாலை ஒன்று வைக்க முடிவானது. நகர ஓரத்துச் சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருந்த ஒரு சிஞ்ஞோரா, தோட்டத்தோடு ஒட்டிய வெறுங்காணியைத் தந்தார். அவர் வீட்டில் வேலை செய்தவர்தான் எங்கள் விழாக்குழுவின் தலைவர். இத்தாலியனில் கடிதம் எழுதத் தெரிந்த குற்றத்துக்காக நான் செயலாளர். உலக அனுபவம் உள்ளவர் என்று பூட்ஸ் அண்ணையை ஆலோசகர் ஆக்கினார்கள்.

முதல் கூட்டத்திலேயே சபை இரண்டாகப் பிரிந்தது. பாய் கொண்டுவந்து, சாப்பாடு கட்டிவந்து, முடிகிற வரைக்கும் இருக்கிற பிரித்தானியக் கட்சிக்குச் செல்வி அக்கா தலைமை. இலக்கமிட்ட கதிரை, கார் நிறுத்த இடம், கையில் நுழைவுப் பட்டி என்ற அமெரிக்கக் கட்சிக்குத் தலைவர். நான் இரண்டு திட்டம் எழுதினேன். இரண்டும் சரியாகத்தான் பட்டன. யார் மனமும் நோகக்கூடாதே என்று இரண்டையும் சேர்த்து ஓர் அறிவித்தல் அனுப்பினேன். அதன் பலனாக, கதிரை இலக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இலக்கமுள்ள பாயைத் தேடுகிறவர்களை நான் பிறகு கண்ணால் கண்டேன்.

“அண்ணை, பிள்ளையள் தொலைஞ்சால் அந்தப் பாட்டுத் திருவிழாவிலை என்ன செய்வினம்?” என்று கூட்டம் முடிய இரகசியமாகக் கேட்டேன்.

“கையிலை தாய் தேப்பன்ரை தொலைபேசி இலக்கம் எழுதிவிடுவினம். தொலைஞ்ச பிள்ளையளை வைச்சிருக்க ஒரு கூடாரமும் இருக்கும். நான் அதுக்குக் கிட்டத்தான் கூட்டுறனான்.” பிறகு சொன்னார். “சனத்துக்கை தொலைஞ்ச பிள்ளை முகம் பாக்காது பிள்ளை. அதுக்கு முகம் எட்டாது. கால்தான் பாக்கும்.”

விழா அன்று மத்தியானம் ஜூலியாவின் கையில் இலக்கத்தை எழுதினேன். மை தோலுக்குக் கூடாதோ என்று அழித்தேன். அழித்தது பிழையோ என்று திரும்ப எழுதினேன். மூன்றாம் முறை ஆறும் எட்டும் ஒன்றாகிவிட்டன.

ஐந்து மணிக்கு இசை தொடங்கியது. ஆறு மணிக்கு மலைப்பக்கமிருந்து கருமேகம் ஒன்று வந்தது. மூன்று மாதம் எட்டிப் பார்க்காத மழை, அத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் கொட்டியது. ஒரு மின்னல். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “எல்லாரும் காருக்கை போங்கோ! காருக்கை போங்கோ!” செல்வி அக்கா அதைப் பறித்தார். “ஒருத்தரும் போகாதையுங்கோ! படங்குக்குக் கீழை வாங்கோ!” தலைவர் திரும்பப் பறித்தார். பாதிச் சனம் கார்களை நோக்கி ஓடியது. மறுபாதி தார்ப்பாய்ப் படங்கை நோக்கி ஓடியது. இரண்டு தேசங்களும் நடுவில் மோதிக்கொண்டன. என் கையிலிருந்த சின்னக் கை வழுக்கிவிட்டது.

காரிலா, படங்குக்குக் கீழேயா? காரை நோக்கி ஓடி, பாதியில் திரும்பிப் படங்கை நோக்கி ஓடினேன். “ஜூலியா! ஜூலியா!” கூப்பிட்டு என்ன பயன்? பதில் சொல்லத் தெரியாத பிள்ளை. தன் பெயரைக்கூட யாருக்கும் சொல்லமாட்டாள். கையில் எழுதியது இந்நேரம் கரைந்து போயிருக்கும். கார்கள் ஹோர்ன் அடித்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் மழையில் ஒரே முகமாக இருந்தது.

“பூட்ஸ்!”

எங்கேயோ ஒரு பிள்ளை கத்தியது. கொஞ்சம் கரகரத்த குரல். யாரோ ஒருவருடைய பிள்ளை என்று நினைத்து மேலே ஓடினேன்.

“பூட்ஸ்! பூட்ஸ்!”

அப்போதுதான் நின்றேன். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதனால்தான் அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

மைதானத்தின் நடுவில், சனம் இருபுறமும் ஓட, பூட்ஸ் அண்ணை கம்பம் போல நின்றார். கணுக்கால் வரைக்கும் சேறு. இடது பூட்ஸின் மேல் ஜூலியா ஏறி நின்று, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

“நான் அசையேல்லை பிள்ளை” என்றார் தலையைக்கூடத் திருப்பாமல். “அசைஞ்சால் இவ விழுந்துபோவா.”

நான் சேற்றில் குந்தி அவளைப் பிடித்துக்கொண்டேன். செல்வி அக்கா ஓடி வந்து, “கதைச்சிட்டாளோ? என்ன பாஷையிலை கதைச்சவள்?” என்றார்.

“பூட்ஸ் எண்டவ.”

“அது இங்கிலீஷ் எல்லோ!”

பூட்ஸ் அண்ணை மழையில் நின்றபடி ஆழமாக யோசித்தார். “பிரித்தானியாக்காரன் இந்தச் சாமானை வெல்லி எண்டுதான் சொல்லுவான். பூட்ஸ் எண்டு சொன்னபடியால், பிள்ளை அமெரிக்கா.”

வைத்தியர் ஒரு சொல் போதும், பரிசோதனையை ஆறுதலாகப் பார்ப்போம் என்றார். மாமியிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். “பூட்ஸோ? அது தமிழ்தானே!” என்றார். எனக்கு இன்னும் குழப்பம்தான்.

அடுத்த வியாழன் அவரைத் தனியாகக் கேட்டேன். “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. தொலையிற பிள்ளையளுக்காகத்தானே இந்தப் பூட்ஸைப் போடுறியள்?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “பித்தவெடிப்பு. ஆருக்கும் சொல்லிப்போடாதையும்.”

ஒரு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. இன்று ஒரு வார இதழுக்கே சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

போன வசந்தத்தில் அவர் அண்ணனிடம் பிரித்தானியாவுக்கே போய்விட்டார். கோடையில் ஒரு படம் அனுப்பினார். வயல்வெளி, மழை, கூடாரங்கள், முழங்கால் வரைக்கும் சேறு. அந்த மைதானத்தில் நின்ற எல்லார் காலிலும் பூட்ஸ். நடுவில் இவர் மட்டும் சிவப்பு வார் போட்ட ரப்பர் செருப்போடு, சேற்றுக்குள் கால்விரல் தெரிய நின்று சிரிக்கிறார். பித்தவெடிப்புக்கு என்ன ஆயிற்று என்று எழுதினேன். பதில் வந்தது: “இஞ்சை எல்லாரும் பூட்ஸ்தானே, பிள்ளை.”

ஜூலியா இப்போது மூன்று மொழியில் வாயாடுகிறாள். மொண்டெல்லோவில் சனத்துக்குள் நுழையும்போது நாங்கள் இரண்டு பேரும் முகங்களைப் பார்ப்பதில்லை. குனிந்து, கால்களைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம்.