செயின் இல்லாத வண்டி

பின் சக்கரம் கையோடு வந்துவிட்டது. செயின்தான் வரவில்லை. வருவதற்கு அந்த மோட்டார் பைக்கில் செயினே கிடையாது.

டயர்க்காரர் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார். செயின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த இரும்புக் குழாய். அதன் நுனியில் மனிதத் தலை அளவுக்கு ஒரு கியர் பெட்டி. பெட்டியின் வாயில் வட்டமாக, பல் பல்லாக வெட்டிய இரும்பு. அதே பல்லுக்கு ஜோடிப் பல் சக்கரத்தின் வயிற்றிலும் இருந்தது. குழாய்க்குள் ஒரு தண்டு சுற்றும், தண்டு பெட்டியைச் சுழற்றும், பெட்டி சக்கரத்தைச் சுழற்றும் என்பதுவரை அவருக்குப் புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை.

புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கடைப் பலகையில் ‘எந்த வண்டியானாலும்’ என்று ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறவர் எப்படிச் சொல்வார்?

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். காலையில் வந்தபோதே ஒரு காகிதத்தை நீட்டினார்.

“டயர் மாத்தறது பெரிய விஷயம் இல்லீங்க. சக்கரத்தைக் கழட்டற ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கற பல்லைக் கவனிக்கணும். எல்லாக் கடையிலயும் டயரை மட்டும் மாட்டி அனுப்பிடறாங்க. பல்லு காஞ்சு போய்த் தேயுது. என்னென்ன செய்யணும்னு வரிசையா எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

“டாக்டர், நான் உங்ககிட்ட பல்லு பிடுங்க வந்தா, எப்படிப் பிடுங்கணும்னு எழுதிக் கொண்டாருவேனா?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு ஆளை மடக்கும் வார்த்தையைச் சொன்னார். “நாங்க பதினோரு டாக்டருங்க, பதினோரு பேரும் இதே வண்டிதான் வச்சிருக்கோம். இது நல்லபடியா வந்தா, அத்தனை வண்டியும் இனிமே உங்க கடைக்குத்தான். நாலு மணிக்கு வரேன்.”

டயர்க்காரர் காகிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. முன்மேஜையில் உட்கார்ந்து டயர் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் தூக்கிப் போட்டார்.

“இதை எங்கேயாவது வை.”

“என்னங்க இது?”

“வண்டி விஷயம். உனக்கு எதுக்கு?”

அவள் அதை எடுத்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதிலேயே போடப்பட்ட சட்டம் அது. வண்டி விஷயத்தில் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

டயரைப் பொறுத்தவரை மனிதர் சூரர்தான். பழைய டயரை உரித்துப் புதியதை ஏற்றி, காற்றடித்து, சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவைக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் அந்தப் பல் அவரைப் பார்த்து இளித்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. இனி யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதற்கு இருந்தது ஒரே ஓர் ஆள், அவருடைய சகலை. மனைவியின் அக்கா புருஷன். நகரத்தின் மறுகோடியில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். உறவில் எல்லோரும் அவரை ‘இன்ஜினியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரியும் கொடுத்த பட்டம் இல்லை, அவராகவே வைத்துக்கொண்டது. செயினுக்குப் பதில் தண்டு ஓடும் வண்டி என்றாலும், “ஷாஃப்ட் வண்டியா? ஆயிரம் பாத்தாச்சு” என்று கை வீசிச் சொல்வார்.

ஆனால் சகலைகள் இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு குடும்ப விருந்தில், “நம்ம சகலைக்குக் காத்தடிக்கத் தெரியும், காரியம் தெரியாது” என்று இன்ஜினியர் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். டயர்க்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்தான். அக்காவும் தங்கையும் மட்டும் அந்தச் சண்டையைச் சட்டையே செய்யாமல் தினமும் மூன்று வேளையும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டயர்க்காரர் கம்ப்ரசருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு நம்பரைப் போட்டார்.

“சகலை... நான்தான்.”

எதிர்முனையில் இன்ஜினியரின் குரல் உயர்ந்தது. “சகலை! நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். சந்தேகம்னு ஒண்ணும் இல்ல. சும்மா உங்க அபிப்பிராயம் கேக்கலாம்னு. ஷாஃப்ட் வண்டி ஒண்ணு வந்திருக்கு. சக்கரத்தைக் கழட்டினா அந்தப் பல்லை நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பல்லா? அது... கை வேலையா இருக்கேன் சகலை. அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்.”

அந்த அஞ்சு நிமிஷமும் அவர் அடுப்பில் உட்கார்ந்தவர்போல நெளிந்தார். இந்த நேரம் பார்த்து முன்மேஜையில் மனைவியின் போன் அடித்தது.

“சொல்லுக்கா... ஆமாக்கா... இரு, பாக்கறேன்...”

டயர்க்காரருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. “ஏய்! போனை வை! இது கடையா, இல்ல உங்க அக்கா வீட்டுக் கூடமா?”

அவள் பாதிப் பேச்சில் போனை வைத்தாள். ஒரு நிமிஷத்தில் இன்ஜினியர் கூப்பிட்டார்.

“சகலை, பழைய கிரீஸைச் சுத்தமா வழிச்சுத் துடைச்சிட்டு, புது கிரீஸ் வைக்கணும்.”

“எவ்வளவு?”

“எவ்வளவா?” அங்கே ஒரு சின்னத் தடுமாற்றம். “நல்லா வைங்க. கிரீஸ்ல போய் என்ன கஞ்சத்தனம்?”

டயர்க்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. பல்லைத் துடைத்து, டப்பாவைத் திறந்து, கைநிறைய அள்ளி அப்பினார். சக்கரத்தை மாட்டி, சென்டர் ஸ்டாண்டில் நின்றபடியே வண்டியை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டு முறுக்கினார்.

சக்கரம் சுற்றியது. கிரீஸும் சுற்றியது. அவருடைய தொப்பையில் தொடங்கி, தாடை வழியாக, காது மடலைத் தொட்டு, மேலே மின்விசிறிவரை ஒரே கோடாகப் போய் ஒட்டியது.

“ஏங்க, என்னாச்சு?” என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

“டெஸ்ட் பண்றேன்!”

மறுபடி சக்கரத்தைக் கழற்றினார். துடைக்கத் துடைக்க கிரீஸ் வந்துகொண்டே இருந்தது. துடைக்கும்போது கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மூடியைப் பார்த்தார். திறந்தால் உள்ளே ஆயில். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். மறுபடி கம்ப்ரசர், மறுபடி போன், மறுபடி “அஞ்சு நிமிஷம் சகலை.”

மனைவியின் போன் அடித்தது.

“ஆமாக்கா, ஊத்தணும். ஆனா வந்து...”

“உன்னை வைக்கச் சொன்னேனா இல்லையா? அப்படி என்னதான் பேசுவீங்க நாள் முழுக்க? எனக்கு முக்கியமான போன் வர்ற நேரம்!”

அவள் வைத்தாள். இன்ஜினியர் வந்தார்.

“ஆயில் ஊத்தணும் சகலை. கண்டிப்பா ஊத்தணும்.”

“எதுவரைக்கும்?”

“நிறையறவரைக்கும்தான். வேற எதுவரைக்கும்?”

டயர்க்காரர் சக்கரத்தை ஒப்புக்கு மாட்டி, வண்டியைப் பக்க ஸ்டாண்டில் சாய்த்து, உள்ளே இனி ஒரு சொட்டும் இறங்காது என்னும்வரை ஊற்றினார். பிறகு வண்டியை நிமிர்த்தினார். சாய்ந்திருந்தபோது நிறைந்தது நிமிர்ந்தபோது வெளியே வர வேண்டாமா? வந்தது. வந்த ஆயிலில் அவர் ஒரு காலை வைத்தார். அந்தக் கால் வாசல் பக்கம் போயிற்று, இன்னொரு கால் சுவர்ப் பக்கம் போயிற்று. மீசையில் மண் ஒட்டவில்லை, ஏனென்றால் மீசை முழுக்க ஏற்கெனவே கிரீஸ் இருந்தது.

மணி இரண்டு. ஒப்புக்கு நின்ற சக்கரத்தை உருவி எப்படியோ மறுபடி மாட்டி, அச்சை உள்ளே தள்ளி, நட்டை முறுக்கினார். சுற்றிப் பார்த்தால் கரகரவென்று சத்தம். பல்லும் பல்லும் நேராக உட்காரவில்லை. அவருடைய பல்தான் நறநறவென்று நேராக உட்கார்ந்தது.

மூன்றாம் முறை போன் போட்டார். மூன்றாம் முறை மனைவியின் போன் அடித்தது.

“நாலு நட்டுக்கா...” என்று அவள் ஆரம்பித்தது அவர் காதில் சரியாக விழவே இல்லை.

“வை போனை!”

இன்ஜினியர் இந்த முறை தெளிவாகவே சொன்னார். “பெட்டியைக் குழாயோட சேத்துப் பிடிச்சிருக்கற நாலு நட்டு இருக்கு பாருங்க, அதைக் கழட்டணும்.”

“கழட்டி?”

“கழட்டினா... சரியாயிடும்.”

கழற்றினார். நாலாவது நட்டும் வந்ததும் அச்சையும் உருவிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சக்கரம், பெட்டி, பெட்டியின் வாலாக அந்தத் தண்டு எல்லாம் ஒன்றாகக் கழன்று அவர் மடியில் வந்து உட்கார்ந்தன. மிச்சமிருந்த ஆயில் கால்சட்டையில் இறங்கியது.

டயர்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. பதினோரு வண்டி போயிற்று. பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். அதைவிட, காற்றடிக்கத்தான் தெரியும் என்று சகலை சொன்னது உண்மையாகிவிடும். அதை நினைத்தபோதுதான் நெஞ்சு கனத்தது.

கடைசி முறையாக அழைத்து, முதல் முறையாக உண்மையைச் சொன்னார். “சகலை, எனக்குத் தெரியல. எல்லாம் கழண்டு மடியில கிடக்கு. நீங்கதான் காப்பாத்தணும்.”

இன்ஜினியரின் குரலும் இளகிவிட்டது. “அஞ்சு நிமிஷம் சகலை. இல்ல, பத்து நிமிஷம் குடுங்க.”

மனைவியின் போன் அடித்தது. அவள் எடுக்காமல் புருஷனைப் பார்த்தாள்.

“பேசு,” என்றார் அவர் கையை விரித்து. “எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு. இனிமே என்ன இருக்கு?”

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தார். தண்ணீர்ச் சத்தத்தில் உலகம் மறைந்தது. திரும்பி வந்தபோது மனைவி அப்போதுதான் போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

உடனே இன்ஜினியர் கூப்பிட்டார். அடேயப்பா! இந்த முறை மனிதர் மணிமணியாகச் சொன்னார். எதைத் துடைப்பது, கிரீஸை எவ்வளவு மெல்லிசாகத் தடவுவது, தண்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே எப்படி உள்ளே தள்ளுவது, நாலு நட்டையும் கையால் மட்டும் முதலில் ஏன் ஏற்றுவது, அச்சை இறுக்கிய பிறகே அந்த நாலையும் இறுக்குவது, வண்டியை நேராக நிறுத்தி ஓட்டையின் விளிம்புவரை மட்டும் ஆயில் ஊற்றுவது எல்லாம் வரிசையாக வந்தன. டயர்க்காரர் ஸ்பீக்கரைப் போட்டு, சொன்னதைச் சொன்னபடி செய்தார். கடைசியில் சக்கரத்தை ஒரு விரலால் தட்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. அவரும் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்து வண்டியின் இண்டு இடுக்கெல்லாம் விட்டுப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டும் வந்தார். முகமெல்லாம் பல்.

“பிரமாதம்! நான் எழுதினதுல ஒரு வரி விடாம செஞ்சிருக்கீங்க!”

“எழுதினதை யார் பாத்தா டாக்டர்? எல்லாம் அனுபவம்,” என்றார் டயர்க்காரர், காதிலிருந்த கிரீஸோடு.

“அடுத்த வாரமே மத்த பத்து வண்டியும் வரும்!”

டாக்டர் போனதும் டயர்க்காரர் முதல் வேலையாக இன்ஜினியரைக் கூப்பிட்டார். “சகலை, நீங்க சாதாரண ஆளே இல்ல! பழசெல்லாம் மறந்துடுங்க. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சாப்பிட வரணும்!”

“வரோம் சகலை, கண்டிப்பா வரோம். ஆனா நான் என்ன பெரிசா...” இன்ஜினியரின் குரல் ஏனோ நெளிந்தது.

“பாத்தியா தன்னடக்கத்தை!” போனை வைத்துவிட்டு டயர்க்காரர் மனைவியிடம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. “என்ன அறிவு, என்ன ஞாபகம்! மனுஷன் மண்டைக்குள்ளயே எல்லாத்தையும் வச்சிருக்கான். நீயும் உங்க அக்காவும் இருக்கீங்களே, நாள் பூரா வெட்டிப் பேச்சு!”

மனைவி பழந்துணியால் அவர் காது மடலிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்தாள்.

“அவருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க அவரைக் கேட்டீங்க, அவர் அக்காவைக் கேட்டாரு, அக்கா என்னைக் கேட்டா, நான் நீங்க தூக்கிப் போட்ட டாக்டர் காகிதத்தைப் பாத்துப் படிச்சேன். நாலாவது தடவைதான் நீங்க ‘போனை வை’ன்னு கத்தல, அதான் முழுசா வந்து சேந்துச்சு.”