மச்சானின் பேரில் வாங்கிய சிவப்பு அட்டை

சோலோதுர்ன்,
திங்கட்கிழமை.

அன்பும் நேர்மையும் நிறைந்த மச்சான் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

துன் ஏரிக் காற்றில் நீரும் கோசலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகப்பெருமானை வேண்டுகிறேன். இங்கு நானும் புனிதவதியும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவது ஏனென்றால், நீர் கோபம் வந்தால் ஏச மாட்டீர், பேசாமல் இருப்பீர்; அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை. இதை மறுநாளே சேருகிற ஏ-போஸ்டில் அனுப்புகிறேன். உமக்கு இன்னொரு கடிதமும் வருகிறது. அதை அனுப்புகிற போட்டிக் குழு சிக்கனமாக எப்போதும் பி-போஸ்டையே பாவிப்பதால், இது முந்திவிடும் என்று நம்புகிறேன். நேற்று பாடனில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான உதைபந்தாட்டத்தில், நமது கல்லூரிப் பழைய மாணவர் அணிக்கு விளையாடிய ஒருவர் நடுவரைத் தள்ளிச் சிவப்பு அட்டை வாங்கினார், அவரை விசாரியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். நமது சங்கத்தின் ஒழுக்காற்றுக் குழுத் தலைவர் நீர் என்பதால் உமக்கு வருகிறது. அந்த ஒருவரின் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா என்று போட்டிருப்பார்கள். பதறாதேயும் மச்சான், அது நான்தான்.

ஒழுங்காகச் சொல்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் போய், "மச்சான், என்ர ஜாக்கெட் அங்கையோ கிடக்கு?" என்று போன் எடுத்தீர் அல்லவா? "இஞ்சை இல்லையே, ரெயினிலை விட்டிருப்பீர்" என்று நான் சொன்னபோது அது என் தோளில் கிடந்தது, உள்பைக்குள் உமது அடையாள அட்டையும் கிடந்தது. எனக்கு உண்மையில் ஐம்பத்திரண்டு வயது. ஆனால் இந்த நாட்டில் வந்து இறங்கினபோது இருபத்தொரு வயதுக்காரனாகிய என்னிடம், "பதினேழு எண்டு சொல்லும்" என்றார் கூட்டி வந்தவர், சொன்னேன், எழுதினார்கள். அதனால் என் அட்டைப்படி எனக்கு இப்போது நாற்பத்தெட்டுத்தான். கல்லூரியில் விளையாட வயதைக் குறைத்தேன், இங்கே இருக்க வயதைக் குறைத்தேன், சீவியத்தில் முதல் தடவையாக என் சரியான வயது உதவப்போகிற நேரம் அதை நம்ப ஒருத்தருமில்லை. நீரோ உண்மை சொன்ன மனிதர், அட்டையிலும் ஐம்பது, ஆளும் ஐம்பது. உமக்கும் மொட்டை, எனக்கும் மொட்டை. அணிக்கும் முன்னுக்கு நின்று கோல் அடிக்கச் சென்டர் போவேட் இல்லை, அதனால் உமது அட்டையோடு நான் போனேன்.

பதிவு மேசையிலிருந்த கிருசிகா என்ற பிள்ளை அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்கிள், போட்டோவிலை கண்ணாடி போட்டிருக்கிறீங்களே?" என்றாள். ஆட்டம் பார்க்க வந்த புனிதவதியின் வாசிக்கிற கண்ணாடியை வாங்கிப் போட்டேன். அந்தப் பிள்ளை மைதானக் கோட்டருகிலேயே நின்றதால் கழற்றவும் ஏலாமல் போச்சு. பந்து பலாப்பழம் மாதிரி வருகுது, கோல் கம்பம் மூண்டு தெரியுது, எங்கட ஆக்கள் "ஸ்ரீ! ஸ்ரீ!" எண்டு கத்த நான் ஆர் அது எண்டு திரும்பிப் பாக்கிறன். கடைசியிலை ஒரு பந்து முகத்துக்கு நேரை வந்தது. மச்சான், கை தன்ரபாட்டிலை எழும்பினது. கோல்தான், ஆனால் இந்த ஊர் நடுவருக்குக் கண் இருக்குதே! "நைன், கோப்ஃப்!", கையில்லை, தலையாலை அடிச்சது எண்டு நான் என்ர தலையிலை தட்டிக் காட்ட, கண்ணாடி விழ, குனிய, முழங்கால் பிரள, அவருக்கு மேலையே விழுந்திட்டன். அதைத்தான் தள்ளினது எண்டு எழுதியிருக்கினம். பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். உம்மட பேரை ஆங்கிலத்திலை எழுதத் தெரியாமல் அட்டையைப் பாத்துச் சொன்னன். தன்ர பேரைப் பாத்து வாசிச்ச மனிசனை அவர் அண்டைக்குத்தான் கண்டிருப்பார்.

சிரித்தீரோ தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடுப்பு மாற்றுகிற அறையில் உமது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்த முகம் அதிபரின் அறைக்குள் நின்ற அதே முகமாகத் தெரிந்தது. அப்போதும் பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு, பதினெட்டு வயதில், உமது பிறப்புப் பத்திரத்தோடு போனவன் நான்தான். அன்றைய கோலும் கையால்தான். எதிர்க் கல்லூரி முறைப்பாடு செய்ய, அதிபர் உம்மைக் கூப்பிட்டு, ஒரு பந்தை வைத்து "அடி பாப்பம்" என்றார். உமது சப்பாத்து அவருடைய மேசைக்குப் போனது, பந்து அசையவில்லை. "பத்திரத்தை ஆருக்குக் குடுத்தனி?" என்று கேட்டார். அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், நீர் சொன்னால்தான் எழுதலாம். நீர் சொல்லவில்லை. பிரம்பால் உமக்கு ஆறு அடி. யன்னலுக்கு வெளியே நின்று ஆறையும் எண்ணினேன், ஒன்றையும் வாங்கவில்லை. இத்தனை வருசத்தில் ஒரு நாளும் நீர் அதைக் கதைத்ததில்லை, நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கு மச்சான்.

ஆகவே புதன்கிழமை உமது குழு கூடி விசாரிக்கையில் இந்த முறை என் பேரைச் சொல்லும். லக்ஷ்மணன் என்று முழுதாகச் சொல்லும், என்ன தண்டனை என்றாலும் வாங்குகிறேன். அட்டையையும் ஜாக்கெட்டையும் இத்துடன் அனுப்புகிறேன்.

கோசலாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் உம்மைப்போல வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உம் பேரை இருமுறை கெடுத்த மச்சான்,
லக்ஷ்மணன்

பி.கு: கடிதத்தை ஜாக்கெட்டோடு பார்சலுக்குள் வைத்து ஒட்டுகிற நேரம் அணித்தலைவர் போன் எடுத்தார். ஆட்டம் சமநிலை என்பதால் வருகிற ஞாயிறு மறுபடி விளையாட வேண்டுமாம், அதுவும் எங்கட சோலோதுர்னில். முழங்கால் அதற்குள் மாறிவிடும். விசாரணையை அடுத்த புதனுக்குத் தள்ளினால் பெரிய உதவி. உமது பேரில் தடை இருக்கும் என்பதால் அட்டை எனக்கு இனித் தேவையில்லை. உமது அண்ணை சண்முகலிங்கத்துக்கும் மொட்டைதானே? அவருடைய போட்டோவில் கண்ணாடி இருக்கோ என்று மட்டும் எழுதும்.