இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டோம்

டோர்ட்மண்ட்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய பரராசசிங்கம் அத்தானுக்கு,

ஹம்பேர்க்கில் நீங்களும் அக்காவும் கல்யாணப் பெண்ணான மகள் தேனுஜாவும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் குமுதினியும் சுகம். என் மண்டலினுக்குத்தான் சுகமில்லை. நேற்று மழையில் நனைந்து இப்போது துவாய்க்குள் சுருண்டு கிடக்கிறது.

தேனுஜாவின் கல்யாண வரவேற்புக்கு எங்கள் இசைக்குழுவைக் கூப்பிடலாமா, அல்லது டீஜேயைப் பிடிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். "முதல்ல உங்கட கோடை விழாவில வாசி. சனம் என்ன சொல்லுதெண்டு பார்த்து உண்மையைச் சொல்லு" என்றீர்கள். உண்மையைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் சங்கம் கோடை விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் அலுமாரி அலுமாரியாக ஸ்பீக்கர் கொண்டுவரும் கோஷ்டியைத்தான் கூப்பிடும். அவர்கள் வாசிப்பது இசையா, வீடு இடிக்கும் வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வருடம் பூங்காவில் பாடலாம், ஆனால் ஒலிபெருக்கி கூடாது என்று அனுமதி வந்துவிட்டது. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அந்தக் கலைஞர்களிடம் கலையும் இல்லையாம், வர மறுத்துவிட்டார்கள். அப்போதுதான் தலைவர் அரியரத்தினத்துக்கு என் ஞாபகம் வந்தது. "அண்ணை, நீங்கள் கரண்ட் இல்லாமல் வாசிக்கிறனீங்கள்தானே? ஏலுமோ?" என்று கேட்டார். வீட்டில் மெழுகுதிரி இருக்கிறதா என்று கேட்கிற மாதிரியேதான் கேட்டார். நானும் வெட்கமில்லாமல் ஓம் என்றேன்.

குழுவில் மூன்று பேர். நான் மண்டலின். காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்யும் தபோதரன் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி இருந்து அதையே கையால் தட்டுவார்; தாளத்தில் அவருக்கு அக்கறை உண்டு, உறவு இல்லை. கிற்றார் வாசித்துப் பாடுவது நிருஷா. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, நல்ல குரல். ஆனால் அவளிடம் ஒரு பெரிய குறை இருக்கிறது அத்தான், சொன்ன நேரத்துக்கு எதையும் தொடங்கிவிடுவாள். அழைப்பிதழில் இரண்டு மணி என்று போட்டிருந்ததைப் படித்து, அதை நம்பியும்விட்டாள். "பிள்ளை, அது சும்மா போடுறது. நாலு மணிக்குத்தான் சனம் வரும்" என்றேன். "அங்கிள், அப்ப ஏன் நாலு எண்டு போடேல்ல?" என்று கேட்டாள். நான் மண்டலினுக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினேன்.

ஆகவே இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டோம். தமிழன் கூடிய எந்த நிகழ்ச்சியும் இதுவரை அப்படித் தொடங்கியதில்லை. தலைவர் வரவில்லை, விளக்கு ஏற்றவில்லை, ஸ்பீக்கரும் இல்லை. வந்திருந்த கொஞ்சச் சனம் நாங்கள் டெஸ்டிங் செய்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டது! மாரிகாலம் முழுக்க நிலவறையில் இருந்து, மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டத் தட்டப் பழகிய பாட்டுகளை நாங்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கிறோம், இவர்கள் எங்கள் முன்னால் கதிரை இழுக்கிறார்கள். ஒரு அக்கா பாட்டின் நடுவிலேயே நிருஷாவிடம் வந்து, "பிள்ளை, எப்ப தொடங்குவியள்? அதுக்குள்ள நான் போய்ச் சோத்துப்பானையை இறக்கிக்கொண்டு வாறன்" என்றார். தபோதரன் கால் மரத்துப்போய் ஒரு நிமிடம் எழும்பினார், அவருடைய பெட்டியின் மேல் யாரோ ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சமையல் பக்கம் நின்ற நாகமுத்து அண்ணை கறிவாளியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு கூடவே பாடினார். அவருடைய மனைவி வெங்காயம் வெட்டியபடி தலையாட்டினார். இரண்டு பெட்டைப் பிள்ளைகள் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். வீட்டில் ரேடியோ பாடுகிறபோது நடந்துகொள்கிற மாதிரியே எல்லோரும் நடந்துகொண்டார்கள். கலைக்கு மரியாதை தெரியாத கூட்டம்! கடைசிப் பாட்டையும் முடித்து, எழும்பிக் கும்பிட்டு நின்றோம். ஒரு கைதட்டுக் கிடையாது. "நல்லாக் கேக்குது. இனித் தொடங்குங்கோவன்" என்றார் நாகமுத்து அண்ணை.

நாலரைக்கு அரியரத்தினம் வந்து சேர்ந்தார். மைக் இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. அதனால் வயரே இல்லாத மைக் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதைப் பிடித்துக்கொண்டு தலைமையுரை ஆற்றினார். "கேக்குதோ?" என்றார். பின்னால் இருந்தவர்கள், "கேக்கேல்லை!" என்று கத்தினார்கள். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். பிறகு எங்களுக்குப் பொன்னாடை. நிருஷாவுக்குப் போர்த்திய பொன்னாடை கிற்றாரையும் சேர்த்து மூடிவிட்டது, பேச்சு முடியும்வரை பிள்ளை அதற்குள் நின்று வேர்த்தாள். "இப்ப எங்கட கலைஞர்கள் முறைப்படி ஆரம்பிப்பினம்" என்று தலைவர் அறிவித்தார்.

அவ்வளவுதான் அத்தான், சனம் முழுக்க வரிசையாக இருந்து, கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்க்கத் தொடங்கியது. டொக்டரிடம் டெர்மின் என்று நேரம் எடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களின் முகம். நிருஷாவின் குரல் நடுங்கியது. தபோதரன் பயத்தில் வேகம் பிடித்து, எங்களுக்கு முன்பே பாட்டை முடித்துவிட்டார். எனக்கு இரண்டாவது பாட்டில் தந்தி அறுந்தது. மூன்றாவது பாட்டில் மழை. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் ஓடினார்கள். அங்கே யாரோ "கொத்து ரெடி!" என்று கத்தியதும் கைதட்டல் கேட்டது. நேற்று முழுக்க நான் கேட்ட ஒரே கைதட்டல் அது.

வீட்டுக்கு வந்ததும் குமுதினி, "டெஸ்டிங் செய்யேக்க நல்லாத்தான் இருந்தது, பிறகு ஏனப்பா அப்பிடி?" என்று கேட்டாள். கட்டின மனைவி!

ஆகவே டீஜேயைப் பிடியுங்கள். பொத்தானை அமுக்கிவிட்டுத் தலையை ஆட்டுகிற அந்தத் தம்பிதான் எங்கள் சனத்துக்குச் சரி. நான் குழுவை விட்டு விலகிவிட்டேன், மண்டலின் துவாயோடு நிலவறைக்குப் போகிறது. எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கவலை இருக்கிறது. தேனுஜா சின்னப் பிள்ளையாக உங்கள் வீட்டு மேசைக்குக் கீழே படுத்திருந்து நான் வாசிப்பதைக் கேட்பாள். அவளுடைய கல்யாணத்தில் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வயதில் தபோதரனின் தாளத்தையே பொறுத்துக்கொண்டேன். போகட்டும். பிள்ளை நல்லாக இருக்கட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலிக்கு என் அனுதாபம். மணமக்களுக்கு எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
விஜயரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தேனுஜா போன் எடுத்தாள். வெங்காயம் வெட்டிய நாகமுத்து அண்ணையின் மனைவி, நாங்கள் இரண்டு மணிக்கு வாசித்ததை வீடியோ எடுத்திருக்கிறார். அது கைமாறிக் கைமாறி ஹம்பேர்க் வரை வந்துவிட்டது. "மாமா, எனக்கு நிகழ்ச்சி வேண்டாம். சனம் கதைச்சுக் கதைச்சுச் சாப்பிடேக்க, நீங்கள் மூண்டு பேரும் ஒரு மூலையில இருந்து அந்த டெஸ்டிங்கைச் செய்யுங்கோ. எனக்கு அதுதான் வேணும்" என்று அழுதாள். நானும் அழுதேன் என்று அக்காவிடம் சொல்ல வேண்டாம். ஆகவே மேலே எழுதிய எதையும் வாசிக்காதீர்கள், டீஜேயை நிற்பாட்டுங்கள். ஒரேயொரு கேள்வி, மூலையில் இரண்டு கதிரை கிடைக்குமா? தபோதரனுக்குப் பெட்டி இருக்கிறது. பொன்னாடை, அறிவிப்பு, உங்கள் வரவேற்புரை ஒன்றும் வேண்டாம். யாராவது வந்து கேட்டால், நாங்கள் இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.