ஒரு சொட்டு கீழே போகக் கூடாது

"அம்மா, நான் சின்னவன் பேசுறேன். மேலாத்துலதான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். அழாத."

சின்னவன் இதைச் சொன்னது அம்மாவிடம் அல்ல. சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போனிடம். லாண்டரியில் வேலை பார்ப்பவனுக்குக் கை காய்வதே அபூர்வம். காய்ந்தாலும் அந்தக் குட்டி எழுத்துகளைத் தட்டத் தெரியாது. அதனால் அவன் பேசுவான், போன் எழுதும், முழங்கையால் ஒரு இடி இடித்தால் குடும்பக் குரூப்புக்குப் போய்ச் சேரும்.

மழை கைவிட்ட வருஷம். ஆற்றின் மேலே இருந்த மாநிலம் அணையைத் திறக்க மாட்டேன் என்றது. கீழே இருந்த மாநிலம் திறக்காமல் விடமாட்டேன் என்றது. சின்னவன் பிறந்தது கீழாற்றில், பிழைக்க வந்தது எல்லை தாண்டி மேலாற்றில். அது முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு வேலை காலி. "கீழாத்துக்காரன் நிழல்கூட என் கடையில விழக் கூடாது" என்று டிவி விவாதம் ஓடும்போதெல்லாம் சொல்வார். விவாதம் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கும் ஒன்று தெரியாது. துணி துவைக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "தண்ணி சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவைத்திருந்தான். அம்மா அதைத் "தண்ணி டிபார்ட்மெண்ட்" ஆக்கித் தெருவெல்லாம் பெருமையடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி படிக்கட்டிலிருந்து கத்தினார்.

"டேய், மேல வால்வை மூடு! கீழ ஒரு சொட்டு போகக் கூடாது! கேட்டா தண்ணியே இல்லன்னு சொல்லிடு! கஞ்சி போட்ட வெள்ளச் சட்டையெல்லாம் தனியா எடுத்து வை!"

கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் குடியிருந்தார். மொட்டைமாடித் தொட்டி இரண்டு பேருக்கும் பொது. பொது என்பது பேச்சுக்கு.

"இதோ மொதலாளி!" என்று சின்னவன் திரும்பிய வேகத்தில் முழங்கை போனை இடித்தது. முதலாளி சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டது.

மறுநிமிஷமே போன் அடித்தது. மைக் மாமா. அம்மாவின் தம்பி, கீழாற்று நீர் மீட்புக் கமிட்டியின் தலைவர். கையில் மைக் இல்லாதபோதும் இருப்பதுபோலவே பேசுவார்.

"மாப்ள! அணைய மூடச் சொல்லிட்டாங்களா? நம்ம குடும்பத்துல இப்படி ஒரு வீரனா!"

"ஐயோ மாமா, அது அணை இல்ல..."

"போன்ல பேசாத, ஒட்டுக் கேப்பாங்க! எழுத்துல அனுப்பு!"

டக்கென்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சின்னவன் போனின் காதில் வாய் வைக்காத குறையாகச் சொன்னான்: "மாமா, அது அணை இல்ல, தொட்டி." அதே நொடியில் டிவியில் ஒருவர் மேசையைத் தட்டி எழுந்து கத்தினார். குரூப்பில் போய் விழுந்தது இது:

மாமா அது அணை இல்ல ரத்த ஆறு ஓடும் எச்சரிக்கிறேன்

சின்னவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து செய்தியை அழித்தான். உடனே மாமாவிடமிருந்து வந்தது: "மெரட்டி அழிக்க வெச்சுட்டாங்களா மாப்ள?" பின்னாலேயே அம்மாவின் அழுகுரல் வந்தது. "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பி வந்துடு ராசா!"

டிவிச் சத்தம்தானே பிரச்சினை? துணி காயவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கே டிவி இல்லை. டிரையர் மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "பயப்படாதீங்க. வால்வை மூடச் சொன்னது என் முதலாளி" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

டிரையர் சத்தத்தில் போனுக்கு என்ன கேட்டதோ. "மூடச் சொன்னது என் முதல்வர்" என்று எழுதியது. அவன் படித்துப் பார்த்தபோது மாமா அதை முதல் செய்தியோடு சேர்த்து ஊர் முழுக்க அனுப்பி முடித்திருந்தார்.

வெளியே வந்தபோது டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. 'அணையை மூடச் சொன்னதே முதல்வர்தான்! தண்ணீர்த் துறை ஊழியர் ரகசியத் தகவல்!'

"எவன்டா அந்தத் துரோகி?" முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "கையில கெடச்சான், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில வெச்சுத் தேய்ச்சுடுவேன்!"

"ஆமா மொதலாளி. தேய்க்கணும்" என்றான் சின்னவன். குரல் எலிக்குஞ்சு போல வந்தது.

திரையில் ஒரு நிபுணர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இது சங்கேத மொழி. வெள்ளைச் சட்டை என்பது அரசியல்வாதிகள். கஞ்சி போட்ட என்றால் விறைப்பானவர்கள். அதாவது, இணங்கிப் போகாத தலைவர்களைத் தனியாக எடுத்து வைக்கத் திட்டம்!"

அவருக்குப் பின்னால் அந்த முதல் செய்தி முழுசாகப் பெரிய எழுத்தில் தெரிந்தது. முதலாளி வாய்விட்டுப் படித்தார். "மேல வால்வை மூடு... கீழ ஒரு சொட்டு... கஞ்சி போட்ட..." நிறுத்தினார். திரும்பவும் படித்தார். பிறகு மெதுவாகச் சின்னவன் பக்கம் திரும்பினார்.

"இது நான் சொன்னதுதானே?"

"மொதலாளி, சத்தியமா நான் சொல்லல. போன் சொல்லிடுச்சு."

"யாருக்குச் சொல்லிச்சு?"

"எங்க அம்மாவுக்கு."

"அம்மா எங்க இருக்காங்க?"

சின்னவன் தரையைப் பார்த்தான். தரையும் கீழேதான் இருந்தது. "கீழாத்துல."

அப்போது கீழ்வீட்டுத் தையல்காரர் வாசலில் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்க! தண்ணி இப்பத்தான் நின்னுச்சு. அண்டா, குண்டா, தையல் மெஷின் மூடி வரைக்கும் ரொப்பிட்டோம்!"

அத்தனை களேபரத்தில் வால்வை மூட மறந்தே போயிருந்தது. மேல்தொட்டி காலி. துவைக்க வந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளெல்லாம் அலசத் தண்ணீர் இல்லாமல் நுரையோடு கிடந்தன.

முதலாளி தலையில் கை வைத்தபடியே தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு, "உன் பையை எடு. லாரி உள்ள வர்றப்ப நீ வெளிய போயிருக்கணும்" என்றார்.

"மொதலாளி, இந்த ஒரு தடவ மன்னிச்சுடுங்க. ஊருக்குப் போனா எனக்கு வேலை இல்ல. அங்க வயல்ல விடவே தண்ணி இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண? கீழாத்துக்காரன் மூஞ்சியும் வேணாம், கீழாத்துச் சங்காத்தமே வேணாம்!"

டிவி நேரலைக்குத் தாவியது. எல்லைச் சாலையின் நடுவே மைக் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "என் வீரமான மாப்ள உசிரப் பணயம் வெச்சு உண்மையச் சொல்லிட்டான்! இனி எங்க பொணத்தத் தாண்டித்தான் மேலாத்துக்கு ஒரு வண்டி போகும்!" கூட்டம் ஆர்ப்பரித்தது. முதலாளி டிவியைப் பார்த்துக் காறித் துப்பாத குறை.

லாரி வர ரொம்ப நேரம் ஆனது. சின்னவனும் பையை மடியில் வைத்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஹாரன் கேட்டது. டிரைவர் வியர்த்து விறுவிறுத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கூப்பிட்டா உடனே வந்து நிப்பியே, இன்னிக்கு என்னய்யா இவ்ளோ லேட்டு?" முதலாளி எரிந்து விழுந்தார்.

"நான் என்னண்ணே பண்ணட்டும், கீழாத்துல ரோட்டு மறியல்! நமக்குத் தண்ணி குடுக்குற கிணத்துக்காரருதான் அங்க மைக்கப் புடிச்சு நடுரோட்டுல உக்காந்திருக்காரு. அவரே எந்திரிச்சு, 'இது நம்ம லாரிப்பா, வழி விடுங்க'ன்னு அதே மைக்ல சொன்னப்புறம்தான் வர முடிஞ்சுது!"