ஒரே தூள், ஏழு பெயர்

உலகத்தில் இருப்பது ஒரே ஒரு சலவைத்தூள்தான். மற்றதெல்லாம் பெயர்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் லேபிள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். விடுபட்ட மெய்ப்புள்ளி ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால், அங்கே எல்லோருக்கும் அவர் 'புள்ளி'. ஒரே கம்பெனியின் ஏழு நாட்டு லேபிள்கள் அவர் மேஜைக்கு வந்திருந்தன. சேர்மானப் பட்டியல் ஏழிலும் ஒன்றே. முகப்பில்தான் ஒரு நாட்டில் 'ஸ்னோரா', இன்னொன்றில் 'லவியான்', இங்கே 'வெண்முத்து'.

"பேருக்குக் காசு கொடுக்கிறவன் மடையன்," என்றார் சாப்பிடும்போது.

"மாடி வீட்டு டீச்சர் வெளிநாட்டு ஸ்னோராதான் போடுறாங்க," என்றாள் மனைவி. "அவங்க துணியையும் பாருங்க, நம்ம துணியையும் பாருங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டுலயும் துவைச்சுக் காட்டுங்க. ஒரே மாதிரி வந்தா ஸ்னோரா பேச்சையே எடுக்கமாட்டேன். வித்தியாசம் தெரிஞ்சா, இனிமே இந்த வீட்டுத் துணியெல்லாம் நீங்கதான் துவைக்கணும்."

"எழுதித் தரட்டுமா?"

"தாங்க."

எழுதிக் கொடுத்தார். பிழையே இல்லை.

கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறை. அலமாரியில் வீட்டுக்கொரு டப்பா. ஓரத்தில் ஸ்னோரா டப்பா. டீச்சரிடம் கேட்டு வாங்குவது தோல்விக்குச் சமம் என்பதால், கேட்காமல் ஒரு கரண்டி எடுத்தார்.

ஸ்னோராவின் குட்டை உடைத்தே தீருவதென்று அதில் ஊறிய பனியனைக் கால் மணி நேரம் தேய்த்தார். வெண்முத்தில் ஊறியதை, நம்பிக்கையின் பேரில், அலசி எடுத்தார்.

காய்ந்ததும் மனைவி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது ஸ்னோரா."

சரியாகச் சொன்னாள். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

"நீ ஏதோ அடையாளம் வெச்சிருக்க."

"பனியன்ல என்னத்த அடையாளம் வெக்கிறது? ஓட்டை ரெண்டுலயும்தான் இருக்கு."

தண்ணீர்மேல் சந்தேகம் வந்தது. குழாயை மாற்றினார். வெயில்மேல் வந்தது. கொடியில் இடம் மாற்றினார். பனியன் போதாதென்று சட்டைகளை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஸ்னோராதான் ஜெயித்தது.

"சோதனைக்குப் பெட்ஷீட் வேணுமாங்க?" என்றாள் மனைவி பரிவாக. அடுத்த வாரம் திரைச்சீலைகளையும் கொடுத்தாள்.

இதற்கிடையில் வேறொரு மர்மம். எவ்வளவு எடுத்தாலும் ஸ்னோரா குறையவில்லை. அவருடைய வெண்முத்தோ எடுத்ததைவிட அதிகமாகக் குறைந்தது. டீச்சர்மேல் சந்தேகம் வந்தது. படித்தவர், பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திருட்டைக் கேட்கலாம் என்று இரண்டு முறை மாடிப்படி ஏறினார். தான் எடுத்த கரண்டிகள் நினைவுக்கு வந்து இரண்டு முறையும் இறங்கிவிட்டார்.

அச்சகத்தில் மிஷின்காரர் அவர் காலரைத் தொட்டுப் பார்த்தார். "என்ன புள்ளி, புதுச் சட்டையா?"

"பழசுதான்."

"அட. என்ன தூள் போடுற?"

புள்ளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஸ்னோரா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்முத்தை அவர் தொடவே இல்லை. ஒரு வாரத் துணி மொத்தத்தையும் கூடையோடு இறக்கி வைத்து, வாளியில் ஸ்னோராவை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, குழந்தைகளின் சீருடைக்காக மூன்றாவதாக ஒன்று போட்டார். திரும்பினால், வாசலில் துடைப்பத்தோடு மாடிப்படி கூட்டும் அம்மா.

கரண்டி முதுகுக்குப் பின்னால் போனது. "டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா."

"டீச்சரம்மாவுக்கு இதுல என்ன சார் இருக்கு? அவங்க தூக்கிப்போட்ட காலி டப்பா அது. உங்க வீட்டம்மாதான் எடுத்து வெச்சு, வாராவாரம் உங்க வெண்முத்தைக் கொட்டி நிரப்பிட்டுப் போறாங்க."